கல்லைச் சந்தேகித்த உடும்பு

ஒரு மொட்டைப் பாறையின் குழியில் மழைநீர் தேங்கிக் கிடந்தது. வல்லான் என்ற உடும்பும் செல்லி என்ற தவளையும் அதைப் பார்த்தன. செல்லி அதில் முட்டையிட்டது. கோடை முற்றியதும் குடிக்க உதவும் என்று வல்லான் ஒரு பலகைக்கல்லை நெட்டித் தள்ளிக் குழியை மூடியது. செல்லி உள்ளேயே தங்கிவிட்டது.

தினமும் வல்லான் கல்லின்மேல் படுத்துக் காவல் காத்தது. ஒருநாள் அதன் காதில் 'சொட்', 'சொட்' என்று சத்தம் விழுந்தது. கல்லோரம் தலையை வைத்துக் கத்தியது:

"செல்லி! தண்ணி ஒழுகுது!"

"ஒழுகலை அண்ணே! கல்லிலிருந்து சொட்டுது. இங்கிருந்து ஆவியா ஏறுது, கல்லில் பட்டுத் துளியா இறங்குது. ஏறுற அளவு இறங்குது. தண்ணி துளிகூடக் குறையலை!"

"அப்படின்னா ஏன் ஏறணும்? ஏன் இறங்கணும்? சும்மா கிடக்க வேண்டியதுதானே!"

வல்லானுக்கு மனசு ஆறவில்லை. கல்லைப் புரட்டிப் போட்டது. அடிப்பக்கம் முழுக்க ஈரம்!

"திருட்டுக் கல்லு! நம்ம தண்ணியைக் குடிச்சிருக்கு!"

வெயில் பட்டதும் ஈரம் மறைந்தது.

"பார்த்தியா, முழுங்கிடுச்சு!"

"அண்ணே, கல்லு குடிக்கலை, காத்துல போயிடுச்சு. மூடிடு!"

வல்லான் கேட்கவில்லை. திறந்த குழியருகே உட்கார்ந்து, திருடன் வருகிறானா என்று நாலாபக்கமும் பார்த்தது. காக்கைகூட வரவில்லை. ஆனாலும் நீர் இறங்கிக்கொண்டே போனது. மூன்றாம் நாள், முட்டையிலிருந்து பொரிந்திருந்த தலைப்பிரட்டைகள் சேற்றில் துடித்தன.

"யாருமே வரலையே! தண்ணி எங்கே போச்சு?" என்று வல்லான் அலறியது.

"போனது வழக்கம்போலப் போச்சு. திரும்பி வரத்தான் வழியில்லை" என்றது செல்லி. "இப்பவாவது மூடு!"

வல்லான் நகம் பெயரக் கல்லை இழுத்து மூடியது. விரற்கடை நீர்தான் மிச்சம். ஆனால் அதற்குமேல் குறையவில்லை. அதற்குள் பாதிக் குஞ்சுகள் செத்துவிட்டன. தனக்கென்று வைத்திருந்த பங்கை வல்லான் கேட்கவில்லை. கோடை முழுதும் தொலைவிலிருந்த ஆற்றுக்கு நடந்தே தாகம் தீர்த்துக்கொண்டது.

மழை வந்தபோது பதினோரு குட்டித் தவளைகள் வெளியே குதித்தன. செல்லி அவற்றை அழைத்துக்கொண்டு வேறு குளத்துக்குப் போய்விட்டது.

போவதும் வருவதும் சமமாக நடக்கும் இடத்தில் புரியாமல் கைவைப்பவர், காக்க நினைத்ததைத் தாமே அழித்துவிடுவார்.