நாவல் மரத்தடிக்கு ஓடிய கார்கள்

ஒரு காட்டில் நாவல் மரம் ஒன்று இருந்தது. அதன் நிழல்தான் அந்தக் காட்டுக்கு டாக்ஸி ஸ்டாண்ட். மலைமேல் இருக்கும் சுனைக்குப் போக வேண்டியவர்கள் அங்கே வந்துதான் கார் பிடிப்பார்கள். காட்டில் ஏது கார் என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. மிருகங்கள் பேசும்போது கார் மட்டும் ஓடாதா?

அங்கே இரண்டு கார்கள் நின்றன. ஒன்று காட்டுப்பன்றி முரடப்பனுடையது. இன்னொன்று கீரி சிலம்பாயியுடையது. முரடப்பனுக்கு எதுவும் பெரிதாக இருக்க வேண்டும். சிலம்பாயிக்கு எதையும் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

ஒரு நாள் அடித்த பேய்க்காற்றில் மரத்தின் பாதி முறிந்து விழுந்தது. மிச்ச நிழலில் ஒரு கார் நிற்கத்தான் இடம் இருந்தது. இரண்டு பேரும் வழக்கோடு காட்டின் தலைவரான யானையிடம் போனார்கள்.

யானை யோசித்துச் சொன்னது: "வர்ற பௌர்ணமி அன்னிக்கு நேர்ப்பாதையில பந்தயம் வைக்கிறேன். புளியமரத்துல புறப்படணும். வெள்ளைப் பாறையை யார் முதல்ல தாண்டுறாங்களோ, ஸ்டாண்டு அவங்களுக்கு. தோத்தவங்க வேற காடு பார்த்துக்கணும்."

"இப்பவே ஓடலாம்" என்றான் முரடப்பன்.

"இரு. இன்னும் ஒண்ணு இருக்கு. பந்தயத்தன்னிக்குக் காலையிலயும் வழக்கம்போல சவாரி ஏத்திக்கிட்டு சுனைக்குப் போய் வரணும். அதே கார் அப்படியே புறப்படுற கோட்டுக்கு வரணும். தினமும் ஓடுற கார்தான் ஓடணும்."

சிலம்பாயி பயந்துபோனாள். வளையில் குட்டிகள் இருந்தன. இந்தக் காட்டை விட்டால் அவளுக்கு எங்கே சவாரி கிடைக்கும்? முரடப்பனின் காரோ அவள் காரைவிடப் பலமானது. அது ஊருக்கே தெரியும்.

காட்டில் கார் சாமான் விற்கும் கடை ஒன்றுதான். அதை நடத்தியவன் மச்சக்காளை என்ற குரங்கு. எள் என்றால் எண்ணெயாக நிற்பான். ஆனால் அந்த எண்ணெயையும் விலை சொல்லித்தான் தருவான்.

முரடப்பன் தன் சேமிப்பான தேன்குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனான்.

"உன் கடையிலயே பெரிய சாமான் எது?"

"டர்போ அண்ணே. என்ஜின் பலம் ஒண்ணரை மடங்கு ஆகும். சத்தம் கேட்டாலே எதிராளி பாதி தோத்துடுவான்."

"மாட்டு."

"டயர் தேஞ்சு போயிருக்கே அண்ணே?"

"வட்டமா இருக்கில்ல? அது போதும்."

"பிரேக்?"

"நான் ஓடுறதுக்கு வந்திருக்கேன். நிக்கிறதுக்கா வந்திருக்கேன்?"

மச்சக்காளைக்கு வாயெல்லாம் பல். "அப்ப இன்னொரு யோசனை அண்ணே. பின்சீட்டைக் கழட்டிட்டா கார் லேசாயிடும்."

"கழட்டு" என்றான் முரடப்பன். தேன்குடம் காலியானது.

சிலம்பாயி நேரே கடைக்குப் போகவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேர்ப்பாதைக்குப் போனாள். புளியமரத்தடியில் நிறுத்தி, ஒரே மிதியாக மிதித்துப் புறப்பட்டுப் பார்த்தாள். பிறகு இறங்கித் திரும்பி நடந்து வந்தாள்.

புறப்பட்ட இடத்தில் பின்சக்கரங்கள் இரண்டும் குழி பறித்திருந்தன. சிலம்பாயி குழிக்குள் கையை விட்டு அளந்து பார்த்தாள். முழங்கை வரை போனது. மறுபடி புறப்பட்டாள். மறுபடி குழி. இந்த முறை பாதி மிதி மிதித்தாள். குழி சிறிதாக இருந்தது, காரோ முன்னைவிட விரைவாகக் கிளம்பியது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இருக்கிற பலத்துலயே பாதி மண்ணைத் தோண்டத்தான் போகுது. இன்னும் பலம் வாங்கினா இன்னும் ஆழமாத் தோண்டும். அவ்வளவுதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அன்றே அவள் பயம் போய்விட்டது.

மறுநாள் கடைக்கு வந்த அவளிடமும் மச்சக்காளை டர்போவைத்தான் நீட்டினான்.

"முரடப்பண்ணன் வாங்கிட்டாரு அக்கா. நீங்க வாங்கலேன்னா அவ்வளவுதான்."

"அவர் வாங்கினதை அவர் ஓட்டட்டும். எனக்குப் பின்னாடிக்கு ரெண்டு நல்ல டயர் வேணும். மெத்துனு, அகலமா, தரையைக் கவ்வுறதா பார்த்துக் குடு. மழையிலயும் ஓடணும், மலையும் ஏறணும்."

"வெறும் டயரா?"

"நான் கொண்டு வந்த தேன்ல மிச்சம் இருந்தா பிரேக்கையும் புதுசா மாத்து."

"பின்சீட்டைக் கழட்டிடலாமா அக்கா? லேசாயிடும்."

"காலையில சவாரி வர்றவங்களை எங்கே உட்கார வைப்பே? உன் தலையிலயா?"

மச்சக்காளை டயரை எடுக்கப் போனான்.

பௌர்ணமி வந்தது. காலையில் முரடப்பன் காரில் ஆமைத் தம்பதி ஏறினார்கள். உட்கார சீட் இல்லை. வளைவுக்கு வளைவு உருண்டார்கள். டர்போ மாட்டிய என்ஜினோ பாரத்தோடு மெதுவாக மலையேற மாட்டேன் என்று இருமியது, கொதித்தது. பாதி வழியில் ஆமைகள் இறங்கிக் காரைத் தள்ளினார்கள். ஆமை தள்ளி எப்போது கார் சுனைக்குப் போவது? எப்படியோ போய், எப்படியோ திரும்பினார்கள்.

சிலம்பாயியின் காரில் முயல் குடும்பம் ஏறியது. சுனையில் இறங்கும்வரை குட்டிகள் தூங்கிக்கொண்டே வந்தன.

இரண்டு கார்களும் புளியமரத்தடிக் கோட்டில் வந்து நின்றன. காடே திரண்டிருந்தது. முரடப்பன் என்ஜினை முறுக்கினான். மரத்தில் இருந்த கிளிகளெல்லாம் பறந்து போயின.

"தங்கச்சி, மூட்டை கட்டி வச்சுட்டியா?"

"முதல்ல ஓடுவோம் அண்ணே" என்றாள் சிலம்பாயி.

யானை பிளிறியது.

முரடப்பன் முழு பலத்தையும் மிதித்தான். சக்கரங்கள் சுற்றின, சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன. புழுதி எழுந்தது, ரப்பர் புகை எழுந்தது. கார் மட்டும் நின்ற இடத்திலேயே இடுப்பை ஆட்டியது. "போ, போ" என்று கத்தினான். மேலும் மிதித்தான். குழி மேலும் ஆழமானது.

சிலம்பாயியின் டயர்கள் தரையைக் கவ்வின. மிதித்த மிதி அத்தனையும் ஓட்டமாக மாறியது. அவள் பாதித் தூரம் போன பிறகுதான் முரடப்பனின் கார் குழியை விட்டு எகிறியது.

அதன் பிறகு அது வந்த வேகத்தையும் சொல்லத்தான் வேண்டும். டர்போ பொய் சொல்லவில்லை. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஆனால் பாதை முடிந்துவிட்டது. வெள்ளைப் பாறையைச் சிலம்பாயி ஒரு கார் நீளம் முன்னால் தாண்டி, பிரேக்கை மிதித்து அழகாக நின்றாள்.

முரடப்பனும் பிரேக்கை மிதித்தான். பழைய பிரேக் அந்தப் புது வேகத்தைக் கேட்குமா? பாறையைத் தாண்டி, புதரைத் தாண்டி, கார் நேரே சேற்றுக்குளத்தில் போய்க் கண்ணாடி வரை இறங்கியது. சேறு பன்றிக்குப் பிடித்த இடம்தான். காருக்கு அப்படியில்லை.

முரடப்பன் சேறு சொட்டச் சொட்டக் கரையேறி வந்தான்.

"பாதை சின்னது. இன்னும் கொஞ்சம் நீளமா இருந்திருந்தா நான்தான் ஜெயிச்சிருப்பேன்" என்றான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

"பாதை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஸ்டாண்டு சிலம்பாயிக்கு" என்றது யானை.

சிலம்பாயி தன் காரை நாவல் மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். துடைத்து முடிப்பதற்குள் முதல் சவாரி வந்துவிட்டது. தோளில் ஒரு மூட்டை. உடம்பெல்லாம் சேறு.

"பக்கத்துக் காட்டுக்குப் போகணும்" என்றான் முரடப்பன் தலையைக் குனிந்தபடி. "கார் வருமா?"

"ஏறுங்க அண்ணே" என்று கதவைத் திறந்துவிட்டாள் சிலம்பாயி.

நீதி: எங்கே பின்தங்குகிறோம் என்று பார்த்த பிறகே எதை வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டும்.