தொண்ணூற்றாறு கல் நீளப் பெயர்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் உடனே தர மாட்டேன். முதலில் மழை பெய்யணும், ஒரு செருப்பு காணாமல் போகணும், கல் வண்டி வரணும். அதுவரை பல்லைக் காட்டாமல் இருங்கள்.

கரும்பாறை நாட்டை ஒரு காலத்தில் குலசிங்கன் என்ற ராஜா ஆண்டான். மூக்கால் பேசுவான், கோபம் வந்தால் குரல் கீச்சென்று மேலே ஏறும். ஓர் ஐப்பசி மழையில் கருமண்பட்டிச் சந்தையைப் பார்க்கப் போனான். அந்த ஊர்க் களிமண் லேசுப்பட்டதில்லை. ராஜாவின் இடது செருப்பை விழுங்கியது. நாலு வீரர்கள் தோண்டியும் திருப்பித் தரவில்லை.

"அடுத்த பௌர்ணமிக்கு வருவேன்," என்று கீச்சிட்டான் ராஜா. "ஆற்றங்கரையிலிருந்து சந்தை வரைக்கும் நடப்பேன். காலில் பொட்டுச் சேறு பட்டாலும் இந்த ஊருக்குச் சந்தை கிடையாது."

பக்கத்தில் நின்ற அதிகாரி விருதராயருக்கு வாயெல்லாம் பல். செருமிச் செருமிப் பேசுகிறவர். "க்ஹும்... கஜானாவிலிருந்து ஒரு காசுகூடக் கூடாது மகாராஜா. சந்தையை, க்ஹும், என் ஊருக்கு மாற்றிவிடலாம்."

ஊரில் அதிகம் வயிறெரிந்தவள் உப்பு விற்கும் சடைச்சி. மிளகாய் சேற்றில் விழுந்தால் கழுவிக் காயவைக்கலாம். உப்பு விழுந்தால் விழுந்ததுதான். சந்தையும் போய்விட்டால் கூடையைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான்.

அவரவர் வாசலுக்கு அவரவர் கல் என்று அவள்தான் ஊரைச் சம்மதிக்க வைத்தாள். கல்லுடைத்தவர்களுக்குக் கூலி ஒரு வீட்டில் கம்பு, ஒரு வீட்டில் உப்பு, ஒரு வீட்டில் கூவுகிற சேவல். வீதி முடிகிற வரை பாதை அழகாக வந்தது. அதற்கப்புறம் சந்தை வரை வெறும் பொட்டல். வீடே இல்லாத இடத்தில் யார் வாசல் என்று கல் போடுவது? சடைச்சி காலால் அளந்தாள். தொண்ணூற்றாறு கல் குறைந்தது.

நேரே விருதராயர் மாளிகைக்குப் போனாள்.

"ஐயா, சந்தை எப்படியும் உங்க ஊருக்கு வரப்போகுது. கோயில் படியில உபயகாரர் பேரை வெட்டுற மாதிரி, உங்க பேரை எங்க ஊர்த் தரையில பதிக்க ஆசை. கல்லுக்கு ஓர் எழுத்து. ராஜா வாய்விட்டுப் படிப்பார். ஆனா எங்க ஊர்க் கல் உங்க பேரைத் தாங்காது."

"க்ஹும். என் மலையிலிருந்தே கல் வரும். எழுதிக்கொள், விருதராயர்."

சடைச்சி விரல் விட்டு எண்ணினாள். "ஆறு எழுத்துத்தானா ஐயா? எங்க ஊர் ஆட்டுக்காரர் பேரே பதினொண்ணு."

அவ்வளவுதான். வீரமார்த்தாண்டர் முளைத்தார். வெற்றிக்கொடி நாட்டியவர் சேர்ந்தார். போர்க்களத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மனுஷர் பதினெட்டுப் போர் வென்றவர் ஆனார். அப்பாவும் தாத்தாவும் வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். தொண்ணூற்று மூன்றில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"கடைசியில 'வாழ்க' வேணாமா ஐயா?" என்றாள் சடைச்சி.

மூன்று எழுத்து. போடச் சொன்னார். அவர் மலையிலிருந்து கல் வண்டிகள் வரிசையாக வந்து பொட்டலில் இறங்கின.

பௌர்ணமியும் வந்தது, மழையும் வந்தது. ராஜா இந்த முறை செருப்பைப் பல்லக்கிலேயே பத்திரமாக விட்டுவிட்டு இறங்கினான். வீதிக் கல்லில் நடந்தான். பின்னால் வந்த விருதராயர் அந்தக் கல்லைப் பார்க்கவேயில்லை; அவர் கண் தன் முதல் எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது. பொட்டல் வந்தது. "வி... ரு... த..." என்று ராஜா மூக்கால் படித்துக்கொண்டே நடந்தான். ஒவ்வொரு கல்லுக்கும் விருதராயர் ஒரு தலையாட்டு. "...வாழ்க" என்று முடித்து ராஜா நிமிர்ந்தால், எதிரே உப்புக் கூடை.

ராஜா காலைத் தூக்கிப் பார்த்தான். பாதம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கல்லெல்லாம் யார் கொடுத்தது என்று கேட்டான். வீதிக்கு ஊர், பொட்டலுக்கு ஐயா என்றாள் சடைச்சி. ராஜா முத்துமாலையைக் கழற்றி உப்புக் கூடையில் போட்டான். சந்தை இங்கேயே இருக்கும் என்றான். பிறகு அதிகாரியைப் பார்த்தான்.

"உம்ம பெயரைப் படித்து முடிப்பதற்குள் சந்தையே வந்துவிட்டது, ராயரே."

விருதராயர் வழக்கம்போலத் தலையாட்டினார். ஆடிய தலை பாதியில் நின்றது. குனிந்தார், கால் 'க'வின் மேல் இருந்தது. திரும்பினார், அவருடைய தாத்தாவை மிதித்துக்கொண்டு ஓர் எருமை, அதன் பின்னால் மிளகாய் மூட்டைகளோடு ஊரே வந்துகொண்டிருந்தது.

"க்..." என்றார். மிச்சச் செருமல் வரவில்லை.

இப்போது சிரிக்கலாம்.