வரதன் பிடித்த பிடி

"பாடத்தை விடட்டுமா சாமி, மடத்தை விடட்டுமா?"

மடத்துத் தலைவர் ஜீயரைச் சேவித்து எழுந்ததும் எழாததுமாகக் குமுதவல்லி கேட்டுவிட்டாள். தோளில் மூன்று மாதக் குழந்தை வரதன்.

அவள் அறிவியல் டீச்சர். பிரசவ லீவு முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகவேண்டும். போனதும் எடுக்கவேண்டிய பாடம், மனிதன் எப்படி வந்தான் என்பது.

ஜீயர் அவளுக்குத் தம்பி வயதுதான் இருப்பார். துளசி ஆய்ந்துகொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற அப்பலாச்சாரியார்தான் பொங்கினார். மடத்தில் சனிக்கிழமைதோறும் உபன்யாசம் செய்கிறவர்.

"பெருமாள் படைச்ச மனுஷாளைக் குரங்குக்குப் பொறந்தவான்னு பசங்களுக்குச் சொல்லப் போறாளாம்! அதைச் சொல்ற வாயால இங்கே பாசுரம் பாடப்படாதுன்னுட்டேன்."

"குரங்குக்குப் பொறந்தோம்னு எங்கங்க சொன்னேன்? ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி அதுக்கும் நமக்கும் ஒரே பாட்டன், அவ்வளவுதான்."

"கேட்டேளா சுவாமி! பங்காளியாவே ஆக்கிட்டா!"

ஜீயருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

குமுதவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. வாக்கப்பட்டு வந்த வருஷத்திலிருந்து மார்கழிக் கோஷ்டியில் பாடுகிறவள். வயிற்றுப் பிள்ளையோடும் பாடினாள். அதை விட முடியாது. பிள்ளைகள் முன்னால் நின்றுகொண்டு, தெரிந்ததைத் தெரியாத மாதிரி பேசவும் முடியாது.

"குழந்தையைக் கீழே படுக்க வையம்மா," என்றார் ஜீயர்.

துண்டை விரித்துக் குனிந்தாள். வரதன் அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டான். ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு விரல் மூடிக்கொண்டது.

"விடுடா என் ராசா. அம்மாவுக்குத் தலை வலிக்குதுல்ல."

விடவில்லை.

"யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவனுக்கு?" என்றார் ஜீயர்.

"யாரும் இல்லைங்க சாமி. பொறக்கும்போதே வர்ற பிடி."

கொஞ்சம் தயங்கினாள். கேட்டுவிட்டார், சொல்லத்தானே வேண்டும்.

"ஆதியில நம்ம தாய்க்கு உடம்பெல்லாம் முடியாம். குட்டி அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கிடக்குமாம். விட்டா மரத்துல இருந்து கீழ விழணும். முடி போயிடுச்சு, பிடி போகலைன்னு சொல்றாங்க."

"ராம ராம!" அப்பலாச்சாரியார் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஓய், காதைத் திறவும்," என்றார் ஜீயர். "பக்தன் பகவானை எப்படிப் பற்றவேண்டும்? போன சனிக்கிழமை சொன்னீரே, அதைச் சொல்லும்."

அது அவருக்கு ரொம்பப் பிடித்த இடம். உடனே குரல் ஏறிவிட்டது.

"தாய் கிளைக்குக் கிளை தாவுவா. எங்கே போறோம்னு குட்டி கேக்காது. வயித்தைக் கட்டிண்டு ஒரே பிடி! அந்தக் குரங்குக்குட்டி மாதிரி நாமும் எம்பெருமானை..."

அவர் கண் பின்னலைப் பிடித்திருந்த வரதனின் கைமேல் போய் நின்றது.

குமுதவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"எவ்வளவு நேரம்தான் அவள் குனிந்தபடியே நிற்பாள்?" என்றார் ஜீயர். "அந்தப் பின்னலை நீரே விடுவித்துக் கொடும்."

அப்பலாச்சாரியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். வரதன் பின்னலை விட்டான். அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டான்.

அவர் இழுத்துப் பார்த்தார்.

பிறகு இழுக்கவில்லை.

"விடமாட்டேங்கறானே சுவாமி." குரல் குழைந்திருந்தது.

"அவளும் எதையும் விடவேண்டாம், நீரும் விடவேண்டாம். திங்கட்கிழமை அவள் பாடத்துக்கு இப்படியே போய்விட்டு வாரும்."