போன பிறகும் இருந்தவர்கள்

ஊர் வழியனுப்பி வைத்த பிறகும் போகாமல் இருந்த ஒரு கணவனும் மனைவியும் மலையடிவார மடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கணவன் ஆவுடையப்பன், வெல்டர். மனைவி செண்பகம். இருவரும் கனடாவுக்குக் குடிபோவதாக இருந்தவர்கள்.

வீட்டை விற்றாகிவிட்டது. தெருத்தெருவாக விருந்து சாப்பிட்டாகிவிட்டது. சொந்தக்காரர்கள் கட்டிக்கொண்டு அழுதும் ஆகிவிட்டது. புறப்படுவதற்கு முந்தின நாள், அங்கிருந்து வர வேண்டிய ஒரு தாள் இன்னும் வரவில்லை, பொறுத்திருங்கள் என்று தகவல் வந்தது.

அத்தை வீட்டில் கொஞ்ச நாள் இருந்தார்கள். சித்தப்பா வீட்டில் கொஞ்ச நாள் இருந்தார்கள். அங்கே விருந்து போட்டவர்கள் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்தது. போட்ட விருந்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் மடத்துக்கு வந்தார்கள்.

மடத்தில் இரண்டே பேர். குருவுக்கு நாற்பது வயது. சீடர் நல்லசிவத்துக்கு அறுபது தாண்டியிருந்தது. பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பின் சீடராகச் சேர்ந்தவர். குரு அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். சமையல் சீடரின் பொறுப்பு. அதைச் சாப்பிடுவது மற்றவர்களின் பொறுப்பு.

வந்தவர்கள் நான்கு பெட்டிகள் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றும் அரவை மில் தராசில் நிறுத்துக் கட்டியது. விமானத்தில் அனுமதித்த எடைக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மஞ்சள் நைலான் கயிற்றால் நெடுக்கும் குறுக்கும் கட்டியிருந்தது.

ஆவுடையப்பன் பெட்டிகளின் அருகில் உட்கார்ந்துகொண்டான். கையில் கைப்பேசி. பக்கத்திலேயே, காலில் மாட்டிக்கொண்டு ஓடத் தயாராக, புதுச் சப்பாத்து. குளிக்கப் போகும்போதும் கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போவான்.

செண்பகத்திடம் பெட்டிக்கு வெளியே இருந்தவை இரண்டு சேலைகள். ஒன்றைத் துவைத்துக் காயப் போட்டு மற்றொன்றைக் கட்டுவாள். சீப்புக்கூட மடத்து வாசலில் பூக்கட்டும் பெண்ணிடம் இரவல்.

இப்படியே நான்காவது மாதம் வந்தது.

ஒரு நாள் அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் மடத்துக்கு வந்தார். செண்பகத்தைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"ஏளா, நீ இங்கயா கெடக்க? இந்நேரம் பனியில சறுக்கிட்டு இருப்பேன்னுல்லா நெனச்சேன்!"

"கொஞ்சம் தாமசமாகுது, பெரியப்பா."

"அப்போ நான் குடுத்த அந்தச் சுவர்க்கடிகாரம்?"

"பெட்டியில இருக்கு."

"இருக்கட்டும், இருக்கட்டும். நல்ல கம்பெனி. அங்க போய் மாட்டு."

அவர் போகும்வரை அவள் கிணற்றுக்குப் பின்னால் நின்றாள். நல்லசிவம் அதைப் பார்த்தார். குருவிடம் போனார்.

"சாமி, அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்ன சொல்ல, அண்ணாச்சி?"

"பொறுமையா இருக்கச் சொல்லலாம்."

"அவன் பொறுமையாத்தான இருக்கான்? சப்பாத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டு நாலு மாசமா உக்காந்திருக்கான். இதுக்கு மேல என்ன பொறுமை வேணும்?"

நல்லசிவம் அடுப்படிக்குத் திரும்பினார்.

மறுநாள் மத்தியானம் கூடத்தில் சத்தம் கேட்டது. செண்பகம் சத்தம் போட்டு மடத்தில் யாரும் கேட்டதில்லை.

"ஒரு பெட்டியத் தெறங்க. ஒண்ணே ஒண்ணு."

"எதுக்கு?"

"குக்கர் இருக்கு. மசாலாப் பொடி இருக்கு. ஒரு நேரமாவது என் கையால ஒரு குழம்பு வைக்கணும்."

"கட்டுனதப் பிரிச்சா போற காரியம் நடக்காதுட்டி. நாளைக்கே கூப்பிட்டா?"

"நாளைக்கே, நாளைக்கேன்னு எத்தன நாளைக்கு? நேத்துச் சாப்பிட்டது என்னன்னு எனக்கு ஞாபகமில்ல. கட்டின சேல எதுன்னு ஞாபகமில்ல. ஊர்ல நாம போயாச்சு. அங்க நாம போகல. அப்போ நான் எங்கதாங்க இருக்கேன்?"

அவன் கைப்பேசியைப் பார்த்தான்.

"சரி. நீங்க போங்க. தாள் வந்தா நீங்க மட்டும் போங்க. நான் சாயங்கால பஸ்ஸுல எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். அங்கயே இருந்துக்கிடுதேன்."

"கோவத்துல பேசாத."

"கோவமில்ல. அலுத்துப் போச்சு."

அவள் குரல் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. காய்ந்துகொண்டிருந்த சேலையை எடுத்து மடித்துத் துணிப்பையில் வைத்தாள்.

ஆவுடையப்பன் எழுந்து குருவிடம் போனான்.

"சாமி, அவளுக்கு நீங்க கொஞ்சம் புத்தி சொல்லணும்."

குரு சாப்பிட உட்கார்ந்திருந்தார். எதிரே இலை. இலையில் சோறு.

"எனக்கு ரெண்டு நாளா வாய் கசக்குது. உங்ககிட்ட ஊறுகாய் இருக்கா?" என்றார்.

"இருக்கு சாமி. நார்த்தங்காய். ஆனா அது அங்க கொண்டு போறதுக்கு..."

"எங்க இருக்கு?"

"மூணாவது பெட்டியில. அடியில, வலது ஓரத்துல, துண்டு சுத்தி."

"நல்லா ஞாபகம் வச்சிருக்க."

"நாந்தான அடுக்கினேன்."

குரு இலையைப் பார்த்தபடி இருந்தார். சோற்றில் கை வைக்கவில்லை.

"சாமி, கடைவீதிக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கிட்டு ஓடியாந்திருதேன்."

"கடை ஊறுகாய நான் கேக்கலியே."

நல்லசிவம் வந்து எட்டிப் பார்த்தார். "சோறு ஆறுது, சாமி."

"ஆறட்டும், அண்ணாச்சி."

ஆவுடையப்பன் வாசலுக்குப் போனான். திரும்பி வந்தான். குரு அப்படியே இருந்தார். சோற்றின் மேல் ஓர் ஈ உட்கார்ந்தது. நல்லசிவம் விசிறியால் விரட்டினார்.

"சாமி பட்டினி கெடக்குறது என்னாலன்னு இருக்க வேண்டாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவன் மூன்றாவது பெட்டியின் முன் உட்கார்ந்தான்.

முடிச்சு இறுகிப் போயிருந்தது. நகத்துக்கு அசையவில்லை.

"அறுத்துருங்க" என்றாள் செண்பகம், தூணருகே நின்றபடி.

"அறுத்தா திரும்பக் கட்டக் கயிறு பத்தாது."

பல்லால் கடித்து இழுத்தான். வெயில் சாய்ந்த பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது. மூடி திறந்ததும் பாச்சா உருண்டை வாடை கூடம் முழுக்கப் பரவியது.

ஊறுகாய் அடியில் இருந்தது. அதனால் மேலே இருந்ததையெல்லாம் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு கம்பளிச் சட்டைகள், விலைச்சீட்டுப் பிரிக்காதவை. சுவர்க்கடிகாரம். குக்கர். குக்கருக்குள்ளே பொடி டப்பாக்கள். இட்லித் தட்டு. கல்யாணப் படம். செண்பகம் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்த சுருக்குப் பை. ஒவ்வொன்றையும் அவன் தரையில் வரிசையாக வைத்தான், வைத்த வரிசையிலேயே திரும்ப அடுக்குவதற்காக.

கடைசியில் பாட்டில் வந்தது. துண்டைப் பிரித்து மூடியைத் திறந்தான். ஒரு கண்டத்தை எடுத்து இலையில் வைத்தான்.

குரு ஆறிய சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

"அங்க போனா ரொம்ப நாள் கெடாம இருக்கணும்னு போட்டேன், சாமி" என்றாள் செண்பகம்.

"இங்கயும் கெடல, தாயி."

குரு இன்னொரு கண்டம் கேட்டு வாங்கினார். அதையும் சாப்பிட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனார். செண்பகம் தன் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சுருக்குப் பையை மட்டும் தரையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினாள். வாசலுக்குப் போனாள்.

தூரத்தில் சாயங்கால பஸ் ஏற்றத்தில் முனகிக்கொண்டு வருவது கேட்டது.

ஆவுடையப்பன் தரையில் பரப்பிய பொருட்களின் நடுவே இருந்தான். கையில் கயிறு. கை கழுவித் திரும்பிய குருவைப் பார்த்தான்.

"சாமி, சாப்பிட்டாச்சுல்லா. இனிக் கட்டிரட்டுமா?"

"கட்டலாமே."

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க சாமி. நாங்க எப்பம் போவோம்? ஏஜெண்டுகிட்டக் கேட்டேன். ஜோசியர்கிட்டக் கேட்டேன். ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. நீங்களாவது சொல்லுங்க."

குரு துண்டில் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"மத்தியானச் சாப்பாடு முடிஞ்சுது. ராத்திரிக்கு என்ன?" என்றார்.

ஆவுடையப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் வாசலில் வந்து நின்றது. அவன் கயிற்றைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். பிறகு குனிந்து குக்கரை எடுத்தான். உள்ளே பொடி டப்பாக்கள் உருள, வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினான்.

நடத்துனர் படியில் தொங்கிக்கொண்டிருந்தார். "அக்கா, ஏறுதியளா, இல்லியா?"

செண்பகம் ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள்.

"செண்பகம்! ராத்திரிக்கு என்னன்னு சாமி கேக்காவ."

"அதுக்கு என்கிட்ட ஏன் வாரிய? சமைக்க அண்ணாச்சி இருக்காவல்லா."

"அண்ணாச்சி சமையல் என் தொண்டைக்குள்ள எறங்கல."

அவள் திரும்பினாள். "நாலு மாசமா வாயத் தெறக்காமத்தான சாப்பிட்டிய?"

"போயிருவோம்லா, எதுக்குச் சொல்லணும்னு இருந்தேன்."

"எனக்கும் எறங்கலன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதையும் எதுக்குக் கேக்கணும்னு இருந்திய."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். குக்கரை இரண்டு கைகளாலும் பிடித்தபடி நின்றான்.

"அண்ணே, குடும்பத்த அப்புறம் நடத்துங்க. எனக்கு நேரமாகுது" என்றார் நடத்துனர். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு கிழவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "குக்கருக்கும் டிக்கெட் உண்டுப்பா" என்றார்.

செண்பகம் படியில் வைத்த காலை எடுக்கவில்லை. கையை நீட்டிக் குக்கரின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். ஒரு டப்பாவை எடுத்து முகர்ந்தாள்.

கூடத்து வாசற்படியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நல்லசிவத்தின் முகம் சிறுத்துப் போயிருந்தது. பஞ்சாலை விடுதியில் நூறு பேருக்குப் பரிமாறியிருப்பதாக அவர் எப்போதும் சொல்வார். ஆனால் இப்போது அதை நினைக்கும் நேரம் இல்லை. அவர் குருவின் பக்கம் திரும்பினார்.

"சாமி, அந்தப் பிள்ள பஸ்ஸுல ஏறிருமா?"

குரு வாசலைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த பொருட்களை மிதிக்காமல் தாண்டித் தாண்டி உள்ளே நடந்தார்.

"நாலு பேருக்கு அரிசி களைஞ்சு வைங்க, அண்ணாச்சி."