பண்டிதர் போட்ட வாசற்படி

நெடுவயல் அரண்மனைப் பள்ளிக்குத் தலைவர் சிங்காரப் பண்டிதர். படித்தது ஒரு பிடி, அலட்டிக்கொள்வது ஒரு வண்டி.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஐந்து வயதான பிள்ளையைப் பள்ளிக்கு அழைக்க, விஜயதசமியன்று பண்டிதரே மேளதாளத்தோடு வீட்டுக்குப் போவார். பிள்ளை வாசற்படியைத் தாண்டி வந்து அவர் கையைப் பிடிக்கும். அப்புறம்தான் எழுத்து. அந்த நாளை விட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் வெள்ளம் வந்து கரையோரக் குடிசைகளை வாரிக்கொண்டு போனது. பெற்றோரோடு ஒன்பது குழந்தைகள் கோட்டைக்கு வெளியே ஓர் இடிந்த மண்டபத்தில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் பள்ளியில் சேர்க்கச் சொல்லி அவையில் எழுந்தாள் அஞ்சுகம். மன்னனுக்கே முகத்துக்கு நேரே பதில் சொல்லும் விகடக்காரி அவள்.

பண்டிதர் மூக்கைச் சுளித்தார். "வாசற்படி இல்லாத பிள்ளையை எங்கிருந்து அழைப்பது? முதலில் வீடு கட்டட்டும். பிறகு அகரம் எழுதலாம்."

"வெள்ளம் வீட்டைத்தானே கொண்டுபோனது? மூளையையுமா கொண்டுபோனது?"

"வழக்கம் என்றால் வழக்கம்தான், அம்மா!"

மன்னன் நெளிந்தான். "வழக்கத்தை மீறாமல் வழி இருந்தால் சொல், அஞ்சுகம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சைக் குழந்தைகளிடம் போய்ப் படிக்கணக்குப் பார்க்கிற இந்த ஆளுக்கு ஊரெல்லாம் கும்பிடு வேறு! பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப்புரம் போனாள். அரசியிடம் என்னவோ கிசுகிசுத்தாள்.

விஜயதசமியன்று பண்டிதர் அரண்மனை வாசலில் வந்து நின்றார். ஐந்து வயதான இளவரசிக்கும் அன்றுதான் பள்ளி அழைப்பு. ஆனால் இளவரசியைக் காணோம்! அந்த இடிந்த மண்டபத்தில் விளையாடுகிறாள் என்று சேதி வந்தது. முகூர்த்தம் முடிய அரை நாழிகைதான். பண்டிதர் குடுமி அவிழ ஓடினார். பின்னாலேயே மன்னனும் மேளக்காரர்களும் போனார்கள்.

ஒன்பது குழந்தைகளுக்கு நடுவே புழுதி பூசிக்கொண்டு நின்றாள் இளவரசி.

"அடடா, இங்கே படி இல்லையே! அரண்மனைக்குத் திரும்பவும் நேரமில்லையே!" என்று கன்னத்தில் கை வைத்தாள் அஞ்சுகம். "இளவரசிக்கு அடுத்த வருஷம்தானா?"

மன்னன் பண்டிதரைப் பார்த்தான். பண்டிதருக்கு வேர்த்துக் கொட்டியது. சட்டென்று தோளில் கிடந்த பட்டுச் சால்வையை உருவித் தரையில் நீளமாகப் போட்டார். "இதோ படி! மனசார நினைத்தால் எதுவும் படிதான், மன்னா!"

இளவரசி தாண்டிக் குதித்தாள். பண்டிதர் அவள் கையைப் பிடித்தார். மேளம் முழங்கியது.

"அக்கா, நாங்களும் தாண்டட்டுமா?" என்று அஞ்சுகத்தைக் கேட்டது ஒரு வாண்டு.

"தாண்டுடா ராசா!"

ஒன்பதும் தொம் தொம்மென்று குதித்துப் பண்டிதரின் கையைப் பிடித்தன. பண்டிதர் அலறினார். "செல்லாது! இது வெறும் துணி!"

"அப்படியானால் இளவரசி தாண்டியதும் வெறும் துணியைத்தானா? மன்னரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்," என்றாள் அஞ்சுகம்.

மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி அஞ்சுகத்தின் கையில் கொடுத்தான்.

பண்டிதர் மெல்லக் குனிந்து சால்வையின் நுனியைத் தொட்டார்.

"என்ன பண்டிதரே, வாசற்படியை யாராவது பெயர்த்துக்கொண்டு போவார்களா?" என்றாள் அஞ்சுகம். "ஊரில் வீடில்லாத கடைசிக் குழந்தையும் தாண்டட்டும். அதுவரை அங்கேயே கிடக்கட்டும்."