நிலவுக்குப் போர்வை

முதலில் தீங்கு செய்தவர் பேராசிரியர் அறவாழி. அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு யார் என்ன செய்திருந்தாலும், தொடங்கியவர் அவர்தான்.

சங்கிலிமுத்து எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மதுரையில் மாத நாவல் வெளியிட்டுவந்த மாசிலாமணி, "சங்கிலிமுத்துன்னு பேரு போட்டா எந்தப் பொண்ணுய்யா காதல் கதை வாங்குவா?" என்று சிரித்து, வசந்தரூபன் என்று அவருக்குப் பெயர் வைத்தார். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கயிற்றில் தொங்கவிட்ட அன்றே அவருடைய நாவல்கள் தீர்ந்துபோன காலம் ஒன்று இருந்தது. படித்தவர்கள் அதை இலக்கியம் என்று ஒப்பவில்லை. ஒப்புக்கொள்ளுங்கள் என்று சங்கிலிமுத்துவும் யாரிடமும் போய் நிற்கவில்லை.

மாத நாவலில் ஒரு வழக்கம் உண்டு. கதைக்கு முன்னால் அட்டை வந்துவிடும். தலைப்பும் எழுத்தாளர் பெயரும் நாயகியின் படமும் சிவகாசியில் அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்து இறங்கிய பிறகுதான் உள்ளே போகவேண்டிய கதையை எழுதுவார்கள். அப்படி அட்டை வந்து இறங்கிய ஒரு வாரத்தில் சங்கிலிமுத்து மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். அப்போது எம்.ஏ. முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் மாசிலாமணியிடம் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார் அறவாழி. அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சங்கிலிமுத்து வாயால் சொன்ன கதையைக் கேட்டுக்கொண்டு போய், நாவலை எழுதிக் கொடுத்தார்.

"இது நம்ம மூணு பேரோட நிக்கணும்" என்றார் மாசிலாமணி. "பேரை நம்பி வாங்குறவங்கய்யா. உள்ள வேற ஆளுன்னு தெரிஞ்சா மனசு விட்டுப்போயிரும்."

இருவரும் வாக்குக் கொடுத்தார்கள். சங்கிலிமுத்து எழுந்து நடமாடும்வரை அவருடைய இடத்தை வேறு எவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார் மாசிலாமணி.

பிறகு அறவாழிக்குக் கல்லூரியில் வேலை கிடைத்தது, விமர்சகரும் ஆனார். ஒரு பெரிய கூட்டத்தில், வசந்தரூபனின் எழுத்துக்கு இதுதான் மாதிரி என்று ஒரு வரியைப் படித்துக் காட்டினார்: 'அவள் சிரித்தாள், வெட்கப்பட்ட நிலவு மேகப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டது.'

"நிலவுக்குக் குளிர் ஜுரம் போலிருக்கிறது" என்றார். மண்டபம் சிரித்தது.

அது அந்தக் காமாலை மாத நாவலில் வந்த வரி. அறவாழியே எழுதிய வரி. தெரிந்தே எடுத்தாரா, தான் எழுதியதையே மறந்துபோனாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். ஆனால் அன்று முதல் சங்கிலிமுத்துவுக்குப் 'போர்வை எழுத்தாளர்' என்று பெயர் விழுந்தது. கூட்டங்களுக்கு அழைப்பது நின்றது. விற்பனையும் சரிந்தது. அதற்கு டிவி சீரியல்களும் ஒரு காரணம் என்பார்கள். இருக்கலாம். டிவி யாரையும் பெயர் சொல்லிக் கேலி செய்யவில்லை.

மாசிலாமணி காலமான பிறகு, பழைய வாசகியர் சிலர் சேர்ந்து வசந்தரூபனுக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். விஷயம் தெரியாமல் அறவாழியையே தலைமை தாங்க அழைத்துவிட்டார்கள். சால்வையை விரித்தபடி அவர் மைக்கில் சொன்னார்: "நிலவுக்கே போர்வை கொடுத்த வள்ளலுக்கு என்னால் முடிந்த சால்வை."

மறுபடியும் மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் இருந்த மாசிலாமணியின் மகள் தமயந்தி சிரிக்கவில்லை. எழுந்துபோய் மைக்கை வாங்கினாள். "அந்த வரியை எழுதினது வசந்தரூபன் மாமா இல்லை. இதோ நிக்கிற பேராசிரியர்தான். அப்பா சாகுறதுக்கு முன்னால என்கிட்ட சொன்னாரு."

அறவாழி முகம் வெளுத்தது. அவர் சங்கிலிமுத்துவைப் பார்த்தார். எல்லோரும் சங்கிலிமுத்துவைத்தான் பார்த்தார்கள். 'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். இத்தனை வருஷத்து அவமானம் அங்கேயே தீரும். ஆனால் முன்வரிசையில் ஒரு அம்மாள் அதே நாவலைக் கையெழுத்து வாங்குவதற்காக மடியில் வைத்துக்கொண்டிருந்தார். 'பேரை நம்பி வாங்குறவங்கய்யா' என்ற மாசிலாமணியின் பேச்சு சங்கிலிமுத்துவுக்கு நினைவுக்கு வந்தது.

"அட்டையில என் பேருதானே இருக்கு? வரியும் என்னுதுதான்" என்றார்.

"இந்தம்மாவுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். கேலி தமயந்தி பக்கம் திரும்பியது.

"ஏன் மாமா, உங்களுக்காகப் பேச வந்தவளைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே" என்று சொல்லிவிட்டு அவள் வெளியேறினாள். அறவாழி சால்வையைப் போர்த்தினார். போர்த்தும்போது காதோரம், "பெரிய மனசுண்ணே உங்களுக்கு" என்றார்.

அறவாழி கொடுத்த வாக்குப்படி கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. தமயந்தி, தகப்பனார் மூடிவைக்கச் சொன்ன உண்மையைச் சபையில் உடைத்தாள். சங்கிலிமுத்து வாக்கைக் காப்பாற்றப் பொய் சொன்னார். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தமயந்தி செய்ததே சரி. அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு பெயரைக் காப்பதற்காக வாங்கிய வாக்கு அது. அந்தப் பெயரையே அறவாழி சபையில் கிழித்தபோது, அவள் அப்பா நினைத்ததைத்தான் அவள் செய்தாள். சங்கிலிமுத்து இறந்தவருக்காக, உயிரோடு தன் பக்கம் நின்றவளைக் கைவிட்டார். அது சரியில்லை. மறுநாளே அவள் வீட்டுக்குப் போய், தான் செய்தது தப்பு என்று சொல்லிவிட்டார். அவளும் காப்பி கொடுத்தாள். அறவாழி காத்தது வாக்கை அல்ல, தன் மானத்தை. அந்த வரி தன்னுடையது என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் பொய் சொல்லவேண்டி வந்திருக்காது. சபையில் சிரிக்க வைத்தவர் சபையில்தான் சொல்ல வேண்டும். காதில் சொன்னது கணக்கில் சேராது. அவர் நலமாகத்தான் இருக்கிறார், வாரம் ஒரு கூட்டத்தில் பேசுகிறார். சொல்லவேண்டிய அந்த ஒரு வாக்கியம் இன்னும் வரவில்லை.