மேலாளரின் போன்

கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனி. எல்லா வகைப் போனுக்கும் செயலி கட்டித்தரும் அடித்தளம் ஒன்றை அங்கே செய்தார்கள். நிரல் முழுவதும் ஒரே களஞ்சியத்தில் இருந்ததால், ஒரு மூலையைத் தொட்டாலும் அத்தனையையும் மறுபடி கட்டிச் சோதிக்க வேண்டும். மேலாளர் சபேசன் கடைசி நேரத்தில் அந்த நிரலில் கைவைத்தார். சோதனைப் போன்களில் சேமித்ததெல்லாம் அழிந்தது, சோதனை முடிவைக் காட்டும் திரை தோல்வி என்று சிவந்தது. மனுஷன் பிழையைத் திருத்தினாரா? இல்லை, சிவந்த சோதனைகளை அணைத்துவிட்டார். திரை பச்சையானது!

தன் மருத்துவமனை நோயாளிகளுக்குச் செயலி கட்ட அந்த அடித்தளத்தை வாங்க ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். சபேசன், சோதனை பார்க்கும் ஒப்பந்த ஊழியர் தமயந்தியின் காதோரம் சீறினார். "எல்லாம் சரின்னு கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

நோயாளிகளின் விவரம் அழிந்தால் பழி யார் மேல்? தமயந்திக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் சிரித்தபடி உரக்கச் சொன்னாள்.

"போட்டுடறனுங்க சார். அதுக்கு முன்னால, இவங்க கண்ணெதிர உங்க போன்ல இதை ஒருக்கா ஏத்திக் காட்டிரலாமுங்களா?"

சபேசன் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "என் போன்லயா? உள்ள இருக்கறதெல்லாம் போயிருமே!"

டாக்டரம்மா எழுந்தார். "அதையா எங்க நோயாளிங்க தலையில கட்டப் பாத்தீங்க?" பிறகு தமயந்தியிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா, இது எப்பத் தயாராகும்?"

தமயந்தி அணைத்த சோதனைகளை மறுபடி ஓடவிட்டாள். திரை முழுக்கச் சிவந்தது.

"பிழையத் திருத்தி, எதையும் அணைக்காம இது பச்சையாகற அன்னைக்குங்க. அன்னைக்கு நானே கையெழுத்துப் போடறனுங்க."